இரண்டாம் நம்பர் ஃபேன்

6

"அஞ்சு மணி வரைக்குந்தானுங்க. அஞ்சு தாண்டுச்சுன்னா நேரா ஸ்டேஷன்தான். அந்த அம்மணி டிஸ்க்கை எங்க வெச்சிருக்குதுன்னு போலீஸ்காரங்களே கேட்டுக்கட்டும்."

மேனேஜர் லட்சுமணசாமியின் குரல் சர்வர் அறை முழுக்க ஒலித்தது. அவர் உட்கார்ந்திருந்தது அதே மில்லில், நாலு அறை தள்ளி. எழுந்து வந்து சொல்ல மனமில்லாமல் போனில் சொன்னார். அறையிலிருந்த மூன்று பேரும் அதைக் கேட்க நேர்ந்ததற்குக் காரணம் அப்துல் நாசரின் கைபேசி. காதில் வைத்துக் கேட்கிற பாகம் அதில் செத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. ஸ்பீக்கர் மட்டும்தான் உயிரோடு இருந்தது; யார் பேசினாலும் ஊருக்கே அறிவிப்புதான்.

"அதைச் சரி பண்ணித் தொலையேன் நாசர்," என்றார் கிருபாவதி. "உக்கடத்துல பதினஞ்சு வருஷம் செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தவன் நீ."

"அதனாலதானுங்க மேடம். ரிப்பேருக்குக் குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க."

கிருபாவதி சிரிக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொன்னவர். ஓய்வு பெற்றதும் கோவை சுங்கம் பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டார். கடையை மூடிவிட்டு வந்த நாசரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டு நாலு வருடம். அவன் வாய் ஓயாது என்று தெரிந்தேதான் சேர்த்தார்.

மூன்றாவது ஆள் கெசியா. இந்தச் சூலூர் நூல் மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற இருபத்தாறு வயதுப் பெண். கிருபாவதியோடு ஒரே சர்ச்சில் பாடுகிறவள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். பதினைந்து நாளுக்கு முன்பு கார்டிங் மெஷினில், அதாவது பஞ்சைச் சீவுகிற மெஷினில், மோகனப்பிரியா என்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணின் வலது கை முழங்கை வரை போய்விட்டது. ஓடுகிற மெஷினில் அவளே கையை விட்டாள் என்றது மில். கதவைத் திறந்துதான் கழிவுப் பஞ்சை எடுத்தேன், திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றாள் அவள். கதவு எப்போது திறந்தது, மெஷின் எப்போது நின்றது என்பதெல்லாம் சர்வரில் ஒரு தனி டிஸ்க்கில் பதிவாகும். அதை எடுத்துத் தருகிறேன், பயப்படாதே என்று ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் கெசியா. போன சனிக்கிழமை அந்த டிஸ்க்கைக் காணோம். சாவி அவளிடம். மில்லை மிரட்டிப் பார்க்க அவளே எடுத்து ஒளித்துவிட்டாள் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"சனிக்கிழமை என்ன நடந்துச்சு கண்ணு? முதல்லருந்து சொல்லு."

"மாசாந்திரக் கரண்ட் கட்டுங்க ஆன்ட்டி, ஒம்பதுல இருந்து நாலு மணி வரைக்கும். எட்டு அம்பதுக்கு நானே சர்வரை நிறுத்திட்டு, பூட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். நாலு பன்னெண்டுக்கு வந்து ஆன் பண்ணுனா அந்த டிஸ்க் தெரியலை. திங்கக்கிழமை மேனேஜரைக் கூட்டிட்டு வந்து அவர் முன்னாடியே பெட்டியைத் தொறந்தேன். அது இருந்த எடம் காலி."

"இதுல என்ன கோடு கோடா ஓடுது?" கிருபாவதி அவள் மேஜைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அது சர்வரோட ஒடம்பு நிலவரமுங்க. சூடு எவ்வளவு, ஃபேன் எத்தனை சுத்து சுத்துது, மெமரி எவ்வளவு காலி, எப்ப நின்னுச்சு, எப்ப ஓடுச்சு... நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்து என்னோட கம்ப்யூட்டர்ல தனியா சேர்த்து வெக்கும். ஆனா இதுல கார்டிங் விவரம் ஒண்ணும் இருக்காதுங்க. வெறும் சூடும் சுத்தும்தான். மேனேஜர் இதைப் பார்க்கக்கூட இல்லை."

"நாம பார்ப்போம். ஆறு மாசத்துக்கு விரிச்சுக் காட்டு."

கோடுகள் விரிந்தன. நாசருக்கு அது ஈசிஜி போலத் தெரிந்தது. அவனுக்கு எல்லாக் கோடுமே அப்படித்தான். கிருபாவதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

"ஜனவரில நாலாயிரம் சுத்து. அப்புறம் மாசாமாசம் ஏறி ஏறி ஒம்பதாயிரத்து இருநூறு. ஏன்?"

"பஞ்சுங்க ஆன்ட்டி. மில்லு இல்லீங்களா? பெட்டிக்குள்ள பஞ்சு அடைக்க அடைக்கக் காத்துப் போகாது. ஃபேன் வேகமாச் சுத்தும். ரெண்டாம் நம்பர் ஃபேன் மார்ச்லயே நின்னுபோச்சு. புது ஃபேன் வேணும்னு மூணு மெயில் போட்டேன். பதிலே இல்லை."

"சனிக்கிழமை காலைல எட்டு அம்பதுக்கு ஒம்பதாயிரத்து இருநூறு. சாயந்திரம் நாலு பன்னெண்டுக்கு மேல அஞ்சாயிரத்து நூறு. சூடும் எட்டு டிகிரி எறங்கியிருக்குது. செத்துப்போச்சுன்னு சொன்னியே ரெண்டாம் நம்பர், அது இப்ப நாலாயிரத்து எண்ணூறு சுத்துது. பார்த்தியா?"

கெசியா திரைக்கு அருகில் குனிந்தாள். வாய் பிளந்தது. "நான் கவனிக்கவே இல்லீங்க ஆன்ட்டி. திங்கக்கிழமை தொறந்தப்பவும் டிஸ்க் இருந்த எடத்தை மட்டுந்தான் பார்த்தேன். ஏதாவது கெட்டுப்போனா அலாரம் அடிக்கும். நல்லாப் போனா அடிக்காதுங்க."

"ஏனுங்க மேடம்," நாசருக்கு அடக்க முடியவில்லை, "திருட வந்தவன் ஊட்டைக் கூட்டித் தொடச்சு, கெட்டுப்போன ஃபேனையும் ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கானுங்க! அட்ரஸ் கெடைச்சா நம்ம ஆபீசுக்கும் ஒருக்கா வரச் சொல்லலாமுங்க."

கெசியா மில்லில் சொல்லிவிட்டுப் பெட்டியை நிறுத்தி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே ஒரு துளிப் பஞ்சு இல்லை. மூலைமுடுக்கெல்லாம் ஊதி, துணி விட்டுத் துடைத்திருந்தது. கிருபாவதி இரண்டாம் நம்பர் ஃபேனின் நடுவில் சுண்டுவிரலை வைத்து எடுத்து முகர்ந்தார். நாசரின் மூக்குக்கு நேராகவும் நீட்டினார்.

"எண்ணெய்," என்றான் நாசர்.

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய் இல்லீங்க. மெஷின் எண்ணெய் வாசம்."

"ஸ்பிண்டில் ஆயிலுங்க," என்றாள் கெசியா மெதுவாக. "நூல் சுத்தற ஸ்பிண்டிலுக்கு உடறது. மில்லு பூராவும் இந்த வாசம்தான்."

"கம்ப்யூட்டர் வேலை பண்ற எவனும் இந்த ஃபேனுக்கு எண்ணெய் உட மாட்டானுங்க மேடம். கழட்டி எறிஞ்சுபோட்டு வேற ஒண்ணு மாட்டுவான்," என்றான் நாசர். இந்த முறை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேனேஜர் அறையில் கிருபாவதி கேட்டது ஒரே கேள்வி. சர்வரைச் சுத்தம் செய்யச் சொன்னீர்களா?

"அதை எதுக்குங்க சுத்தம் பண்றது? ஓடிட்டுத்தானே இருக்குது?" லட்சுமணசாமி சிரித்தார். மரியாதையில் குறையில்லாத மனிதர். நாசருக்குக்கூட 'வாங்க, உக்காருங்க' கிடைத்தது. "பாருங்க, கதவைத் தொறந்தா மெஷின் தானா நின்னுரும். கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சு குடுத்திருக்கான். அந்தப் புள்ளை கீழ்ப்பக்கமாக் கையை உட்டிருக்குது. எங்களுக்கும் வருத்தந்தானுங்க. அதை வெச்சு இந்த அம்மணி அரசியல் பண்ணக் கூடாதில்லீங்களா?"

நாசர் அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரின் பின்பக்கம் விரல் கனத்துக்குப் பஞ்சு. தலைக்கு மேல் சுற்றிய ஃபேனின் இறக்கைகளில் பஞ்சு கருத்துத் தொங்கியது. இந்த ஆள் எதையும் திறந்து துடைக்கிற ஜாதி இல்லை. இவர்தான் திருடன் என்று காலையிலிருந்து மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்த நாசருக்கு அது பெரிய ஏமாற்றம்.

"சர்வர் ரூமுக்கு ரெண்டாவது சாவி இருக்குதுங்களா?"

"இல்லீங்களே."

இருந்தது. பராமரிப்பு அறையின் ஆணிப்பலகையில், 'சர்வர் ஏசி' என்று எழுதிய அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் ஏசியைச் சர்வீஸ் செய்வதற்காக வைத்தது. அங்கே வின்ஸ்டன் என்கிற ஃபிட்டர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க தம்பி," நாசர் பக்கத்தில் குந்தினான். "உங்கள்ல யாரு, மெஷினைத் தொறந்தா எண்ணெய் உடாம மூட மாட்டேன்னு அடம் புடிக்கிற ஆளு?"

வின்ஸ்டன் யோசிக்கவே இல்லை. "காளிச்சாமி அண்ணந்தானுங்க. எதைத் தொறந்தாலும் பஞ்சை ஊதி, தொடச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் உட்டுத்தான் மூடுவாரு. கேன்டீன் கிரைண்டரைக்கூட உடமாட்டாருங்க. கல்யாண ஊட்டுக்குப் போனாலும் அங்கிருக்கற டேபிள் ஃபேனைக் கழட்டிப்போட்டு உக்காந்துக்குவாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஆஸ்பத்திரிலதானுங்க. பாவம், அவர் புள்ளைதானுங்களே மோகனப்பிரியா." வின்ஸ்டன் குரலைத் தாழ்த்தினான். "அன்னைலருந்து லீவு. சனிக்கிழமை மட்டும் வந்தாரு. கரண்ட் கட் அன்னைக்கு மெஷினையெல்லாம் பிரிச்சு மாட்டற ஓவராயில் வேலை இருக்குமில்லீங்களா, எனக்கு மனசு கேக்கலைன்னாரு. இந்த நேரத்துலயும் இப்படி ஒரு மனுசனான்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டும்வரை நாசர் வாய் மூடவில்லை. அவ்வளவு சந்தோஷம். மகளுக்கான சாட்சியத்தை மேனேஜர் அழித்துவிடுவார் என்று பயந்து அப்பனே முந்திக்கொண்டு எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான். இதைவிட நல்ல திருட்டு உண்டா? கெசியாவும் தப்பித்தாள், அந்தப் பெண்ணுக்கும் நியாயம் கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவன் மனதுக்குள் பிரியாணியே வாங்கிவிட்டான்.

"நீங்க என்னங்க மேடம் உம்முன்னு வாறீங்க?"

"மகளுக்காக எடுத்திருந்தா, கெசியாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பானே நாசர்," என்றார் கிருபாவதி. "நாலு நாளாச்சு."

ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி. மணி நாலு இருபது. பெண்கள் வார்டுக்கு வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் கவிழ்ந்து கிடந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் தரையில் உட்கார்ந்து, அதன் சக்கரத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கிருபாவதி அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் இல்லை.

"ரெண்டாம் நம்பர் ஃபேன் இப்ப நல்லா ஓடுதுங்கண்ணா."

"நடுவுல சுத்தற புஷ்ஷு காஞ்சு போயிருந்துச்சுங்க," என்றார் காளிச்சாமி சக்கரத்திலிருந்து கண் எடுக்காமல். "ரெண்டு சொட்டு உட்டுக் கையில சுத்தி உட்டேன், புடிச்சுக்கிச்சு. அதுக்குப் போய்ப் புதுசு எதுக்குங்க..."

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்து வழிந்தது. நாசர் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

நிறைய நேரம் ஆகவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்த ஒயர் கூடையை இழுத்தார். சாப்பாட்டுத் தூக்குக்குக் கீழே, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, அந்த டிஸ்க் இருந்தது.

"உடைச்சுப் போட்டுரலாம்னுதான் எடுத்தனுங்க. சுத்தியலும் எடுத்தேன். ஓடற பொருளுங்க, மனசு வரலை."

"மகளுக்காகத்தானுங்களே எடுத்து வெச்சீங்க?" நாசர் ஆவலோடு கேட்டான். "மேனேஜர் கையில சிக்கக் கூடாதுன்னு?"

காளிச்சாமி இல்லையென்று தலையாட்டினார். வார்டு கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கதவுல ஒரு சுவிட்சு இருக்குதுங்க. தொறந்தா மெஷினை நிறுத்தறது. அது லூசாகி, சும்மாவே மெஷின் நின்னு நின்னு போச்சு. புதுசு வாங்கிக் குடுங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். டெலிவரி இருக்குது, இப்போதைக்கு ஒயரை டைரக்ட் பண்ணி உட்டுருப்பான்னாரு. ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுத்திப்போட்டேனுங்க. அப்புறம் கதவைத் தொறந்தாலும் மெஷின் ஓடிட்டேதான் இருக்கும். ரெண்டு நாள்ல மாத்திரலாம்னு நெனைச்சேன். ரெண்டு மாசம் ஆகிப்போச்சு." சக்கரத்தில் வழிந்த எண்ணெயை விரலால் துடைத்தார். "மெஷின்ல கை வெக்கணும்னா டோக்கன் நம்பர் போடோணும். என்னோடது நாப்பத்தேழு. எல்லாம் அதுக்குள்ள பதிஞ்சிருக்குமுங்க. கெசியாப் புள்ளை வந்து, 'கவலைப்படாதீங்கண்ணா, யாரு செஞ்சாங்கன்னு நம்பரோட எடுத்துத் தாரேன்'னு எம் புள்ளை முன்னாடியே சொல்லுச்சுங்க. எனக்கு ஆறுதலாத்தான் சொல்லுச்சு."

நாசர் சுவரில் சாய்ந்துகொண்டான். வழியெல்லாம் தான் பேசி வந்த பேச்சு அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"மேனேஜர் எழுதிக் குடுத்தாரா?" என்றார் கிருபாவதி.

"வாய்ச்சொல்தானுங்க. யாருங்க எழுதிக் குடுப்பாங்க?"

"அஞ்சு மணிக்கு கெசியா மேல திருட்டுக் கேஸ் குடுக்கப்போறாங்க. தெரியுமா?"

அவருக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு துணிப்பொட்டலத்தை எடுத்துக் கிருபாவதியின் மடியில் வைத்தார்.

"அது பாவமுங்க. நாந்தான் எடுத்தேன்னு சொல்லிப்போடுங்க. என்ன வேணா பண்ணட்டும். எம் புள்ளைக்கு மட்டும், சுவிட்சு விசயம், எம் மூலமாத்தான்னு..." வார்டுப் பக்கம் கை காட்டினார். "பெறகு எப்பவாச்சும் நானே சொல்லிக்கறேனுங்க. கொஞ்சம் தேறட்டும்."

"நாங்க சொல்ல மாட்டோம். இதை நான் லேபர் ஆபீசுக்கு நேரா எடுத்துட்டுப் போறேன், மில்லுக்கு இல்லை," என்றார் கிருபாவதி. "நாசர், அந்த மனுசன் ஸ்டேஷனுக்குக் கெளம்பறதுக்குள்ள போனைப் போடு."

நாசர் போட்டான். போனைக் கிருபாவதியிடம் நீட்டினான்.

"லட்சுமணசாமி சாருங்களா? டிஸ்க் கெடைச்சிருச்சு. கெசியா எடுக்கலை. உங்க ஃபிட்டர் காளிச்சாமிகிட்ட இருந்துச்சு. அவ்வளவுதானுங்க."

அந்தக் குரல், மரியாதையெல்லாம் கழன்று விழுந்த குரல், தாழ்வாரம் முழுக்க ஒலித்தது.

"காளிச்சாமியா? ஏனுங்க, அவன் ஆயிரம் சொல்லுவான், நம்பாதீங்க. கார்டிங் கதவு சுவிட்சை டைரக்ட் பண்ணுனது அவனேதான். நான் சொல்லவே இல்லை. சொந்த மக கையை அவனே வாங்கிப்போட்டு இப்ப என் தலையில கட்டப் பாக்கறானா? கம்ப்ளெயின்ட்ல பேரை மட்டும் மாத்திக் குடுத்தர்றேன்."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் கிருபாவதி. "டிஸ்க் இருந்துச்சுன்னுதான் நான் சொன்னேன். சுவிட்சைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலீங்களே? டைரக்ட் பண்ணியிருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மாட்டினான்! நாசருக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். இருபது வருட மேனேஜர், ஒரே ஒரு வார்த்தையில். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் அவன் திரும்பினான்.

வார்டு கதவில் மோகனப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். இடது கையால் கதவைப் பிடித்திருந்தாள். வலது பக்கம் முழங்கைக்கு மேலேயே கட்டு முடிந்துவிட்டது. எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்தப் போனில் பேசினால் வார்டு கடைசிப் படுக்கை வரைக்கும் கேட்கும் என்று நாசருக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும். பத்து நிமிட வேலை. செய்யாமல் அதை வைத்து ஊரெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது.

கெசியா தப்பித்துவிட்டாள். அதில் சந்தேகமில்லை. அதைச் சொல்லி ஆறுதல்பட அங்கே யாருமில்லை.

காளிச்சாமி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கண்ணு, அது வந்து..."

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. கணக்குத் தப்பிப்போன குழந்தை திரும்ப எண்ணிப் பார்க்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டாள்.

"போன மாசம் கேட்டனேப்பா. கதவு வழியாக் கையை உட்டுப் பஞ்சை எடுக்கச் சொல்றாங்க, பயமா இருக்குது, தொறந்தா மெஷின் நின்னுருமான்னு சோறு போடறப்பக் கேட்டனே."

காளிச்சாமி குனிந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

"நிக்கும் கண்ணுன்னு சொன்னீங்களேப்பா."